சித்திரகுப்தனின் சீட்டுகள்: ஒவ்வொரு படியும் சரி, மொத்தம் மட்டும் தப்பு

பூம்பாறையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போன மாதம் ஒரு பேச்சு ஓடியது. என்னிடம் டியூஷன் படிக்கிற பிளஸ் டூ பையன் ஒருவன், செல்போனில் எங்கோ பார்த்த புதிரை எடுத்துவிட்டான். "சார், ஒருத்தன் வந்து நல்ல பேரம் ஒண்ணு சொல்றான். ஒத்துக்கிட்டா லாபம். உடனே அடுத்த பேரம், அதுவும் லாபம். இப்படியே ஆயிரம் தடவை. கடைசியில பார்த்தா கையில ஒண்ணுமே இல்ல. எப்படி சார்?"

கடையில் இருந்த நாலு பேரும் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: பேராசை பெருநஷ்டம். அப்புறம் இன்னொரு ரவுண்டு டீ.

எனக்கு மனம் ஆறவில்லை. இந்தப் புதிரைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பேராசை என்பார்கள், இல்லாவிட்டால் சூதாட்டம் என்பார்கள், கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால் முடிவிலி என்பார்கள். மூன்றுமே குறி தவறிய பதில்கள். புதிர் எங்கே கடிக்கிறது என்பதைப் பையனுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதிப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

முதலில் பூண்டு

எங்கள் மலையில் எந்தக் கதையும் பூண்டில்தான் தொடங்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு வருஷம் பூண்டை எடுத்து, தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டிருந்தார். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்தது. உடனே விற்பதா, இன்னும் ஒரு வாரம் காப்பதா?

கணக்கு வசதிக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பூண்டு 100 கிலோ, விலை கிலோ 200 ரூபாய். இன்று விற்றால் 20,000. ஒரு வாரம் காத்தால் பூண்டு காய்ந்து 98 கிலோ ஆகிறது, விலை 210 ஆகிறது, 20,580 கிடைக்கும். இரண்டாம் வாரம் 96 கிலோ, விலை 220, 21,120. எடை குறைகிறது, ஆனால் அதைவிட வேகமாக விலை ஏறுகிறது. காப்பதுதான் சரி. அண்ணனும் காத்தார். ஒரு நாள் கொத்தை இறக்கிப் பல்லைப் பிளந்து பார்த்தால் உள்ளே பச்சை முளை. அந்த வாரமே சந்தையில் விலையும் இறங்கியிருந்தது.

வருத்தமான கதைதான். ஆனால் இதில் புதிர் ஒன்றும் கிடையாது. எந்த வாரம் கோட்டை விட்டார் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்: எடையையும் விலையையும் பெருக்கி வந்த தொகை முந்தைய வாரத்தைவிடக் குறைந்த அந்த வாரம். அதற்கு முந்தைய வாரமே விற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். "பேராசை பெருநஷ்டம்" என்ற பழமொழி பொருந்துவது இந்த மாதிரிக் கதைக்கு. இங்கே தப்பான படி என்று ஒன்று இருக்கிறது.

முரண்புதிர் வேறு ஜாதி. தனித்தனியே பார்த்தால் மறுக்கவே முடியாத சில எண்ணங்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஏற்கவே முடியாத இடத்தில் நம்மைக் கொண்டுபோய் விடுவதைத்தான் முரண்புதிர் என்கிறோம். அதில் தப்பான படி எது என்று தேடினால் அகப்படாது.

இரண்டு சொற்கள்

குழந்தை வேண்டித் தவமிருந்த மிருகண்டு முனிவரிடம் சிவன் கேட்டதாகப் பாட்டிமார் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். நூறு வயது வாழும் மந்தப் பிள்ளை வேண்டுமா, பதினாறு வயதோடு போய்விடும் அறிவுப் பிள்ளை வேண்டுமா? அவர் இரண்டாவதைக் கேட்டார், மார்க்கண்டேயன் பிறந்தான். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்குகிற இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேரம் என்று சொல்லப்போகிறேன்.

மிருகண்டுவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பேசுவது கடவுள் என்பதால் இரண்டு பக்கமும் நிச்சயம். நமக்குக் கிடைக்கிற பேரங்களில் நிச்சயம் குறைவு. "அனேகமாக", "பார்க்கலாம்" என்றுதான் வரும். அந்த "அனேகமாக"வை 0 முதல் 1 வரை உள்ள எண்ணாக மாற்றினால் அது நிகழ்தகவு. நூறில் 99 தடவை நடக்கும் என்றால் நிகழ்தகவு 0.99. கிடைக்கப்போகும் அளவை அதன் நிகழ்தகவால் பெருக்கினால் வருவது எதிர்பார்ப்பு மதிப்பு. 500 ரூபாய் நிச்சயமாகக் கிடைக்கும் என்றால் அதன் எதிர்பார்ப்பு மதிப்பு 500. 1,000 ரூபாய் 0.99 நிகழ்தகவில் கிடைக்கும் என்றால் 990. எதை எடுப்பீர்கள்? கடையில் கேட்டேன், ஒருவர்கூட 500 என்று சொல்லவில்லை.

எதிர்பார்ப்பு மதிப்பு கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடு: முடிவெடுத்தல் கோட்பாட்டின் அடிப்படை விதி இதுதான். காப்பீட்டுக் கம்பெனி பிரீமியம் போடுவதும் இந்தப் பெருக்கலை வைத்துத்தான். நல்ல விதி. தினசரி வாழ்க்கையில் நம்மைக் கைவிடாத விதி. இனி அதை வைத்தே மாட்டிக்கொள்ளப் போகிறோம்.

சித்திரகுப்தன் வருகிறான்

இன்று இரவோடு உங்கள் கணக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எமன் வாசலில் எருமையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அதற்குள் சித்திரகுப்தன் ஏட்டோடு உள்ளே வந்து உட்கார்ந்து, "உன் பேரில் கொஞ்சம் புண்ணியம் மிச்சம் இருக்கிறது. ஒரு குறிஞ்சி தருகிறேன்" என்கிறான்.

குறிஞ்சி என்பது இங்கே 12 ஆண்டு. கொடைக்கானலில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சி பூத்ததை வைத்து வயதைச் சொல்லும் வழக்கம் இந்த மலைகளில் இருந்திருக்கிறது. எமலோகத்தில் மட்டும் இருக்கக் கூடாதா என்ன. ஆக முதல் சீட்டு: இன்னும் 12 ஆண்டு, நோய் நொடி இல்லாமல், நிச்சயம்.

நீங்கள் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் அவன் அடுத்த சீட்டை நீட்டுகிறான். "இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள். 24 ஆண்டு. ஆனால் நூறில் 99 வாய்ப்புதான். மீதி ஒன்று விழுந்தால் இன்றிரவே கிளம்ப வேண்டும்." எதிர்பார்ப்பு மதிப்பு 12இலிருந்து 23.76க்குத் தாவுகிறது. மாற்றிக்கொள்கிறீர்கள்.

அப்புறம் மூன்றாவது சீட்டு, நான்காவது சீட்டு. விதி ஒன்றேதான். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆண்டு இரட்டிப்பாகும். நிகழ்தகவு முன்பு இருந்ததில் நூறில் 99 பங்காகும். குலுக்கல் இடையில் நடக்காது. நீங்கள் போதும் என்றபிறகு, கையில் இருக்கிற சீட்டுக்கு ஒரே ஒரு முறை குலுக்குவான். ஏமாற்ற மாட்டான். அவன் கணக்குப்பிள்ளை, பொய்க்கணக்கு எழுதினால் வேலை போய்விடும்.

இப்போது எண்களைப் பாருங்கள். பையன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடியே செல்போனில் 0.99ஐ 0.99ஆல் தட்டிக்கொண்டே போனான். நான் ஒரு பூண்டு மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

10 மாற்றத்துக்குப் பிறகு: 12,288 ஆண்டு, வாய்ப்பு நூறில் 90. யாருக்குக் கசக்கும்? 31 மாற்றத்துக்குப் பிறகு: சுமார் 2,577 கோடி ஆண்டு. இந்தப் பிரபஞ்சம் தோன்றி இன்றுவரை ஆனதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். அதைத் தாண்டியும் வாய்ப்பு நூறில் 73 மிச்சம் இருக்கிறது. இதுவரை வந்தவரை யாரும் முட்டாள் என்று சொல்ல முடியாது.

69ஆவது மாற்றத்தில் வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்குகிறது. இங்கேதான் பையனின் விரல் ஒரு கணம் நின்றது. ஆனால் 68இலிருந்து 69க்குப் போவதில் புதிதாக என்ன ஆபத்து? முந்தைய 68 தடவையும் கொடுத்த அதே விலைதான், வாங்குவது அதே இரட்டிப்புதான். தட்டினான்.

1,000 மாற்றத்துக்குப் பிறகு: ஆண்டுகளின் எண்ணிக்கையை எழுத 303 இலக்கம் வேண்டும். வாய்ப்பு சுமார் 23 ஆயிரத்தில் ஒன்று. கொடைக்கானல் நகர மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 36 ஆயிரத்துச் சொச்சம். ஊரே வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கினாலும் ஒருவரோ இருவரோதான் பிழைப்பார்கள். 2,000 மாற்றத்துக்குப் பிறகு வாய்ப்பு சுமார் 53 கோடியில் ஒன்று. அதே கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. நாடு முழுவதும் வரிசையில் நின்றால் இரண்டு பேர்.

நீங்கள் போதும் என்கிறீர்கள். சித்திரகுப்தன் ஏட்டை மூடுகிறான். எமன் கயிற்றை எடுக்கிறான்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வோம். ஒவ்வொரு மாற்றத்திலும் எதிர்பார்ப்பு மதிப்பு 1.98 மடங்கு ஏறியது, ஒரு தடவைகூட இறங்கவில்லை. அண்ணனின் பூண்டில் இருந்த மாதிரி ஒரு தப்பான வாரம் இங்கே இல்லை. ஆனாலும் கையில் நிச்சயமாக இருந்த 12 ஆண்டு போய், அனேகமாக ஒன்றுமே இல்லை என்ற இடத்தில் நிற்கிறோம். புதிர் இதுதான்.

லாட்டரியா? பேராசையா?

லாட்டரி என்று சொல்பவர்களுக்கு முதலில். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அது ஓடிய நாளில் ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு அதன் விலையைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் விற்பவர் பிழைக்க முடியாது. அதாவது லாட்டரி கணக்குப்படியே நஷ்டம். சித்திரகுப்தனின் சீட்டு கணக்குப்படி கொள்ளை லாபம். இரண்டும் எதிர் எதிர்.

பேராசைக் கட்சிக்கு அடுத்து. ஆண்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிறர் உயிரை வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலை வழியாகப் போன மாதிரி ஒரு ராத்திரி. மீட்புக் குழுவுக்கு ஒரே ஒரு பாதையில்தான் போக நேரம் இருக்கிறது. ஒரு பாதையில் போனால் 12 பேரை நிச்சயம் காப்பாற்றலாம். இன்னொன்றில் போனால் 24 பேர், வாய்ப்பு நூறில் 99. குழுத் தலைவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அதைப் பேராசை என்பீர்களா? அவருக்குச் சொந்தமாக ஒரு பைசா லாபம் இல்லை. ஆனால் பாதைகளை அதே விதிப்படி நீட்டிக்கொண்டே போனால் அவரும் 53 கோடியில் ஒன்று என்ற பாதையில்தான் போய் நிற்பார். ஆசையை எடுத்தாலும் புதிர் அப்படியே நிற்கிறது.

முடிவிலியும் காரணமில்லை. முடிவிலியை வைத்துச் செய்த புதிர்கள் தனியாக இருக்கின்றன. ஆர்ன்ட்ஸீனியஸ், எல்கா, ஹாதோர்ன் மூவரும் 2004இல் ஒன்றை எழுதினார்கள்: முடிவில்லாத துண்டுகளாக வெட்டிய ஒரு ஆப்பிள், ஒவ்வொரு துண்டையும் தின்பது நல்லது, ஆனால் முடிவில்லாமல் தின்றுவிட்டால் ஏவாளுக்குத் தோட்டத்தில் இடமில்லை. அழகான புதிர், ஆனால் அது நிற்பதே முடிவிலியின் காலில். நம்முடையதற்கு 2,000 படி போதும். ஒரு சாயங்காலத்தில் எண்ணி முடித்துவிடலாம்.

எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றுவிட்ட தம்பி

வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கியவர்களுக்கு இது தெரியும். இன்னும் நாலு அடி இறங்கினால் காட்சி நன்றாக இருக்கும். நாலு அடி இறங்குவதற்கு முழங்கால் ஒன்றும் சொல்லாது. அடுத்த நாலு அடிக்கும் சொல்லாது. திரும்பி ஏறும்போதுதான் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வாரன் குவின் 1990இல் எழுதிய புதிர் இந்த வகை. ஒருவர் உடம்பில் வலி தருகிற ஒரு கருவி. அதில் பூஜ்யத்திலிருந்து 1,000 வரை 1,001 நிலைகள். பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு நடுவே வித்தியாசம் உடம்புக்குத் தெரியவே தெரியாது. வாரம் ஒரு நிலை ஏற்றினால் 10,000 டாலர். ஏற்றியதை இறக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் ஏற்றுவது லாபம். ஆனால் உச்சிக்கு வந்தபின் அவர் அத்தனை பணத்தையும் திருப்பிக் கொடுத்துப் பூஜ்யத்துக்கு ஓடிவிடத் துடிப்பார். அதற்கும் முன்னால், 1956இல் டங்கன் லூஸ் இதே விஷயத்தைக் காப்பியில் போடும் சர்க்கரையை வைத்துப் பிடித்தார்: ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் இனிப்பு வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது, ஆனால் முதல் கோப்பைக்கும் கடைசிக் கோப்பைக்கும் தெரியும்.

செல்போனில் சுற்றுகிற விளக்கங்கள் குவினின் புதிரையும் சித்திரகுப்தனின் சீட்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிடுகின்றன. எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் இரண்டுக்கும் சிக்கல் என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. குவினின் ஆளுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. முதல் வாரத்துக்கு முன்னாலேயே, "இருநூறாவது நிலையில் நிறுத்துவேன், அப்புறம் என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன்" என்று தீர்மானித்து அதிலேயே நிற்பது. எட்வர்ட் மெக்லென்னன் போன்றவர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். பணமும் வலியும் ஒத்துப்போகிற ஒரு நடு இடம் அங்கே உண்மையிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சித்திரகுப்தன் விஷயத்தில் இந்த வைத்தியம் பலிக்காது. அவன் சீட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டாமல், 2,001 சீட்டையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி, "ஒன்றை எடு, நேரம் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்" என்கிறான் என்று வையுங்கள். ஆசை காட்டி இழுப்பது இல்லை, படிப்படியாகச் சறுக்குவது இல்லை, மன உறுதி தேவையில்லை. அப்போதும் மாட்டிக்கொள்கிறோம். எந்தச் சீட்டைத் தொட்டாலும் அதற்கு வலப்பக்கச் சீட்டு அதைவிட மேலானது. ஆனால் வலக்கோடிச் சீட்டு இடக்கோடிச் சீட்டைவிடக் கேவலமானது. மேலே எது கீழே எது என்று வரிசைப்படுத்த முடியாததுதான் இங்கே உள்ள நோய். டீக்கடையில் நான் சொல்ல வந்ததும் இதைத்தான். சொல்லி முடிப்பதற்குள் வேறு பேச்சு வந்துவிட்டது.

மூன்று வாசல்

ஆயுளை வைத்து இந்தப் புதிரை 2009இல் எலியேசர் யுட்கோவ்ஸ்கி எழுதினார். நிக் பெக்ஸ்டெட், டெருஜி தாமஸ் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் துப்புரவாக அலசியது. வெளியேற மூன்றே வாசல்தான், மூன்றிலும் தலை இடிக்கும் என்று அவர்கள் காட்டினார்கள்.

முதல் வாசல், துணிந்து உள்ளே போவது. கணக்கு சரியென்றால் சரிதான். 53 கோடியில் ஒன்று என்ற சீட்டே சிறந்த சீட்டு என்று ஒத்துக்கொள்வது. வாயால் சொல்ல எளிது. ஆனால் இந்த வாசல் வழியாகப் போகிறவர், யாராவது நம்ப முடியாத அளவு பெரிய பரிசைச் சொன்னால், எவ்வளவு அற்ப வாய்ப்பானாலும் கையில் உள்ள அத்தனையையும் அதற்காக விட்டுவிட வேண்டும். கேட்கிற பரிசு பெரிதாக ஆக, எந்தப் புளுகனும் அவரை வாங்கிவிடலாம்.

இரண்டாவது வாசல்தான் பெரும்பாலோர் ஓடுகிற வாசல், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். எங்கோ ஓர் இடத்தில் "போதும்" என்பது. அதற்கு இரண்டு விதமாக நியாயம் சொல்லலாம்.

ஒன்று, பரிசின் ருசி குறைகிறது என்பது. பள்ளிப் பொருளியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்: முதல் இட்லி தருகிற நிறைவை எட்டாவது இட்லி தராது. ஒரு பொருள் தருகிற நிறைவைப் பொருளியலில் பயன்பாடு என்பார்கள். 1713இல் கணித அறிஞர் நிக்கோலஸ் பெர்னூலி ஒரு பகடை உருட்டும் விளையாட்டைக் கடிதத்தில் எழுதினார். எதிர்பார்ப்பு மதிப்பு முடிவில்லாதது, ஆனால் அதை விளையாட யாரும் பெரிய தொகை தர மாட்டார்கள். 1738இல் அவர் உறவினர் டேனியல் பெர்னூலி விடை சொன்னார்: பணம் ஏறுகிற வேகத்தில் பயன்பாடு ஏறாது, மடக்கை (லாகரிதம்) போல மெதுவாகத்தான் ஏறும். பணத்தைப் பெருக்காதே, பயன்பாட்டைப் பெருக்கு.

நல்ல விடை. இதை வைத்தால் சித்திரகுப்தனின் இரட்டிப்பு கொஞ்ச தூரத்தில் களைத்துவிடும். ஆனால் அவன் சும்மா இருப்பானா? இரட்டிப்பதற்குப் பதிலாக வர்க்கப்படுத்துவான்: 12 ஆண்டு, 144 ஆண்டு, 20,736 ஆண்டு. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தினால் அதன் மடக்கை இரண்டு மடங்காகும். பயன்பாடு மறுபடி இரட்டிப்பு, புதிர் மறுபடி வாசலில். பயன்பாட்டுக்கு உச்சவரம்பு இல்லாத வரை பரிசை அதற்கேற்ப ஊதிவிடலாம் என்று கார்ல் மெங்கர் 1934இலேயே சுட்டிக்காட்டிவிட்டார்.

அப்படியானால் உச்சவரம்பு வைத்துவிடுவோமா? இதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் நிறைவு கூடாது என்று ஒரு கூரை. என் ஆயுள் என்ற அளவில் எனக்கு இது பெரிதாக உறுத்தவில்லை. 2,577 கோடி ஆண்டுக்கு மேல் நான் என்ன செய்யப்போகிறேன். ஆனால் மீட்புக் குழுவுக்கு வாருங்கள். உலகத்தில் உள்ள நல்லது மொத்தத்துக்கும் ஒரு கூரை என்றால், ஏற்கெனவே நிறைய நல்லது நடந்திருந்தால் கூரை கிட்டத்தில் இருக்கும், இன்னும் ஓர் உயிரைக் காப்பதன் மதிப்பு சுருங்கிவிடும். பெருமாள்மலை வளைவில் பைக்கோடு விழுந்து கிடப்பவரைத் தூக்க எவ்வளவு பாடுபடலாம் என்று தீர்மானிப்பதற்கு முன், அந்தக் காலத்தில் கீழடியில் எத்தனை பேர் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று விசாரிக்க வேண்டி வரும். இதைவிட அபத்தம் வேண்டுமா?

இரண்டாவது நியாயம், மிகச் சின்ன வாய்ப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது. பிரெஞ்சு அறிஞர் பஃபோன் 1777இல் ஓர் எல்லையே போட்டார்: பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான நிகழ்தகவைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள். 56 வயதுக்காரர் ஒருவர் அடுத்த 24 மணி நேரத்தில் இறந்துபோகும் வாய்ப்பு ஏறக்குறைய அவ்வளவு, அதற்காக யாரும் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்பது அவர் வாதம்.

நம் சீட்டில் அந்த எல்லை 916க்கும் 917க்கும் நடுவே விழுகிறது. 916ஆவது மாற்றம் தங்கம், 917ஆவது குப்பை. ஒரே விலை, ஒரே இரட்டிப்பு. ஏன்? பஃபோன் வரைந்த கோடு அங்கே இருக்கிறது, அதனால். இது பதில் ஆகாது.

இதைவிட மோசமான சங்கடம் மலைப்பாதையில் தினமும் நடக்கிறது. வத்தலக்குண்டு வரை ஒரு தடவை பைக்கில் இறங்கி ஏறுவதில் தலை அடிபடுகிற வாய்ப்பு மிகச் சின்னது. பஃபோன் கணக்கில் பூஜ்யம் என்றே வைப்போம், ஹெல்மெட் வேண்டாம். நாளைக்கும் அதே வாதம். முப்பது வருஷம் தினமும் அதே வாதம். ஆனால் முப்பது வருஷப் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால் வாய்ப்பு சின்னதாக இல்லை. பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம்தான் வர வேண்டும், இங்கே வரவில்லை. ஹெல்மெட்டை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் அத்தனை பேரும் பஃபோனின் சீடர்கள்.

மூன்றாவது வாசலுக்குக் கடப்புப் பண்பு என்ற சொல் வேண்டும். மலைப்பூண்டு நாட்டுப்பூண்டைவிட மேல், நாட்டுப்பூண்டு சீனப்பூண்டைவிட மேல் என்றால் மலைப்பூண்டு சீனப்பூண்டைவிட மேல். ஒப்பீடு இப்படிச் சங்கிலியாகக் கடந்து வருவதுதான் கடப்புப் பண்பு. மூன்றாவது வாசல் இதையே கைவிடச் சொல்கிறது. ஒவ்வொரு சீட்டும் முந்தையதைவிட மேல்தான், ஆனாலும் கடைசிச் சீட்டு முதல் சீட்டைவிடக் கீழ்தான். இரண்டும் உண்மை, அதனால் என்ன?

அதனால் பாக்கெட் காலியாகும். டேவிட்சன், மெக்கின்சி, சப்பிஸ் மூவரும் 1955இல் காட்டிய வழி இது; பணம் இறைக்கும் பம்பு என்று இதற்குப் பட்டப்பெயர். நீங்கள் 2,000 தடவை சந்தோஷமாக மாற்றிக்கொண்டு கடைசிச் சீட்டுக்கு வருகிறீர்கள். முதல் சீட்டு இதைவிட மேல் என்று உங்கள் மனசே சொல்கிறது. சித்திரகுப்தன், "பத்து ரூபாய் கொடு, முதல் சீட்டைத் திருப்பித் தருகிறேன்" என்கிறான். கொடுக்கிறீர்கள். முதல் சீட்டு கைக்கு வந்ததும் அவன் இரண்டாவது சீட்டை நீட்டுகிறான். அது மேலானது அல்லவா, மாற்றிக்கொள்கிறீர்கள். சுற்றுக்குப் பத்து ரூபாய். விடியும்போது வீட்டுப் பத்திரம் எமலோகத்தில் இருக்கும்.

ஆக, துணிந்து போனால் ஒன்றுமில்லாத சீட்டைக் கொண்டாட வேண்டும், போதும் என்று நின்றால் நின்ற இடத்துக்குக் காரணம் சொல்ல முடியாது, வரிசையே வேண்டாமென்றால் சுற்றிச் சுற்றி ஏமாற வேண்டும். இந்த மூன்றில் எனக்கு இரண்டாவதுதான் கொஞ்சம் பரவாயில்லை என்று படுகிறது, கீழடிச் சங்கடத்தோடு சேர்த்தே. பையனுக்கு முதலாவது பிடித்திருக்கிறது. வயசு அப்படி.

மறுநாள் டீக்கடையில்

பூண்டு அண்ணனிடம் மண்டிச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "வாத்தியாரே, இதுல என்ன புதிர் இருக்கு? பென்சிலைக் கொடுங்க" என்றார். ஆறாவது மாற்றத்துக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார். 768 ஆண்டு, நூறில் 94. "இதோட சரி. நான் என்ன முருகனா, சாகாம இருக்க?"

"நல்லதுண்ணே. ஏழாவது ஏன் வேண்டாம்? 1,536 ஆண்டு. 94 போய் 93 ஆகுது, அவ்வளவுதான்."

அண்ணன் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று ஏழாவதுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். பழைய கோட்டை விரலில் எச்சில் தொட்டு அழித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே எட்டாவதைப் பார்த்தார்.

கோடு பதினொன்றுக்கு வந்தபோது கொடைக்கானல் பஸ் வந்துவிட்டது. பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினார்.